அடுப்பைப் பார்த்து நோன்பு பிடித்தவள்

ஷமுனிக்கு நாள் கிழமை எதுவும் தெரியாது. இதை அவ உசிரோட இருக்கும்போதே அவ முகத்துக்கு நேரா எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அதனால இப்ப சொல்றதுல பாவமில்லை. சந்தை என்னிக்குடின்னு கேட்டா, "தெருவுல கழுதைச் சத்தம் கூடுதலா கேட்டா சந்தைன்னு அர்த்தம்க்கா"ன்னு சொல்லுவா. இப்படிப்பட்டவளைத்தான் அவங்க சபை நாள் பாத்துச் சொல்ற வேலைக்கு வெச்சிருந்தாங்க. கேக்கவே சிரிப்பா இல்ல?

உர்ஹாய் பட்டணத்துல தைசான் ஆத்தை ஒட்டின தெரு எங்களோடது. ஆத்துல வெள்ளம் வந்தா முதல்ல நனையறது நாங்கதான். அந்தத் தெருவுல யூத வீடு எங்க வீடு ஒண்ணுதான், எங்க மத்த சனமெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். என் வீட்டுக்காரர் ஆயிபு கிழக்கே நிசிபி ஊருக்குப் போய்ப் பட்டு வாங்கி வந்து விக்கிறவர். வருஷத்துல பாதி நாள் ஒட்டகத்தோடதான் குடித்தனம். எனக்குப் பேச்சுத்துணைன்னு இருந்தது தோள் உயர மண் சுவரும், அந்தச் சுவருக்கு மேல எட்டிப் பாக்கிற ஷமுனி தலையும்தான்.

ஷமுனி மேசியாக்காரி, நாங்க காத்துக்கிட்டிருக்கிற மேசியா வந்தாச்சுன்னு நம்பற கூட்டம். பொறக்கும்போதே இல்ல. அவ அப்பன் மீன்குளத்து அம்மன் கோயில்ல கொட்டடிக்கிறவன். கம்பளி வெளுக்கிற கூரியாவைக் கட்டிக்கிட்டு வந்த பிறகுதான் புருஷனோட சேர்ந்து மேசியா சபைக்குப் போனா. ஆனா அப்பன் கை அவளுக்கு அப்படியே வந்துடுச்சு. சங்கீதம் பாடினாலும் சரி, ஆத்துல கம்பளி அலசினாலும் சரி, விரல் எங்கேயாவது தட்டிக்கிட்டே இருக்கும். "ஜெபத்துல தாளம் போடாதேம்மா"ன்னு அவங்க மூப்பர் அகாய் திட்டிக்கிட்டே இருப்பார். ஒரு நொடி நிறுத்துவா. அப்புறம் கால் விரல் ஆரம்பிச்சுடும்.

எங்க ரெண்டு பேருக்கும் முதல் சண்டை வந்ததே நோன்புலதான்.

பஸ்கா விருந்துக்கு முந்தின பகல்ல எங்கள்ல தலைச்சன் பிள்ளைங்க சாப்பிட மாட்டாங்க. எகிப்துல வீட்டுக்கு வீடு தலைச்சன் செத்த ராத்திரி எங்க தலைச்சனுங்க மட்டும் பொழைச்சாங்களே, அந்த நன்றிக்கு. பிள்ளை சின்னதா இருந்தா அவனுக்குப் பதிலா அம்மாக்காரி பட்டினி இருப்பா, எங்க வீட்டுப் பொம்பளைங்க வழக்கம் அது. எனக்கு ஒத்தைப் பிள்ளை, ஹனன். அவனுக்காக நான் இருப்பேன். பொழுது சாஞ்சா விருந்து, பாட்டு, திராட்சரசம், எல்லாம் உண்டு.

மேசியாக்காரங்களுக்கும் அதே நாள் பட்டினிதான். ஆனா நாங்க விருந்துக்கு உக்காரும்போது அவங்க நோன்பை விட்டு எந்திரிக்க மாட்டாங்க. நாங்க தின்னு குடிச்சுப் பாடற ராத்திரி முழுக்க அவங்க முழிச்சிருந்து அழுது ஜெபம் பண்ணுவாங்க. கோழி கூப்பிட்ட பிறகுதான் வாயில தண்ணி படும். சரி, அது அவங்க பாடு. ஆனா அந்த அழுகை யாருக்காகன்னு கேளுங்க. எங்களுக்காக! நாங்க வழிதப்பிப் போன சகோதரங்களாம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மறுநாளே சுவத்துக்கிட்ட போய்க் கேட்டேன்.

"ஏண்டி, நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்து விருந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். அந்தப் பக்கம் நீ எனக்கு ஒப்பாரி வெக்கிற. விளங்குமா என் குடும்பம்?"

"ஒப்பாரி இல்லக்கா, வேண்டுதல்."

"எனக்கு என்ன கேடு வந்துச்சுன்னு வேண்டுற?"

"கூடப்பொறந்தவங்களை நெனச்சுக்கிட்டு அழுங்கன்னு மூப்பர் சொல்றாரு. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரு இருக்கா? அதான் உன்னை நெனச்சுக்கிறேன். அழுகை தன்னால வருது."

"என்னை நெனச்சா உனக்கு அழுகை வருதா!"

"திட்டுவியே, அதை நெனச்சுக்கிறேன்"ன்னா. இவகிட்ட எப்படிச் சண்டை போடறது, சொல்லுங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, எங்களுக்காக அழறதுக்கும் எங்ககிட்டத்தான் நாள் கேக்கணும். அவங்ககிட்ட பிறை பாத்து மாசம் குறிக்கிற ஆள் கிடையாது. நாங்க என்னிக்குப் பஸ்கா வெக்கிறோமோ அன்னிக்கு அவங்க நோன்பு. எங்க சுவரை ஒட்டின வீடு ஷமுனி வீடு, அதனால அவதான் எட்டிப் பாத்துச் சொல்லணும்னு ஆயிடுச்சு. அவளும் நாளை எண்ண மாட்டா, வாயைத் திறந்து கேக்கவும் மாட்டா. என் அடுப்பைப் பாப்பா. புகை வரலைன்னா, நான் சாப்பிடலைன்னா, நோன்பு வந்தாச்சு. உடனே முக்காட்டைப் போட்டுக்கிட்டு வீடு வீடா ஓடுவா.

இன்னொண்ணும் உண்டு. விருந்து நாள் உச்சிக்கு முன்னாடி புளிச்ச மாவு, புளிச்ச அப்பம் எதுவும் எங்க வீட்டுல இருக்கக் கூடாது. மத்தவங்க எரிப்பாங்க. நான் மிச்ச அப்பத்தையும் புளிச்ச மாவுச் சட்டியையும் சுவர் மேல வெச்சிடுவேன். ஷமுனி எடுத்துக்குவா. பட்டினி வயித்தோட அந்த அப்பத்தைப் பத்திரமா மூடி வெச்சிருந்து, மறுநாள் கோழி கூப்பிட்டதும் அதைப் பிட்டுத்தான் அவங்க நோன்பை முடிப்பாங்க. எங்க பண்டிகை முடிஞ்சதும் அவ பொங்கிக்கிட்டிருக்கிற மாவுல ஒரு கை எடுத்து எனக்குத் திருப்பிக் குடுப்பா. புது வருஷத்து அப்பம் அதுலதான் எழும்பும். அவ மாவு என்னுதா, என் மாவு அவளுதான்னு அப்புறம் யாருக்குத் தெரியும்!

அந்த வருஷம் பஸ்கா வர்ற நிசான் மாசம் பொறக்கிறப்ப ஒரே மேகம். பிறையை யாரும் சரியாப் பாக்கல. எங்க ஆளுங்களுக்கு மேற்கேயிருந்து சேதி வந்து சேரவே நாளாச்சு. வந்த சேதி, மாசம் ஒரு நாள் தள்ளிப் பொறந்துச்சுன்னு. அப்படின்னா பஸ்காவும் ஒரு நாள் தள்ளி. இதெல்லாம் எங்க சனத்துக்குத் தெரியும். ஷமுனிக்கு எங்க தெரியும்?

ஆயிபு நிசிபியில இருந்தார். விருந்துக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு, ஹனனுக்குக் காய்ச்சல் கண்டுடுச்சு. அப்ப அவன் பால் பல்லு விழற பிள்ளை. விடியறதுக்குள்ள உடம்பு அனலாக் கொதிக்குது. கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான். தண்ணியை வாயில விட்டா ஓரமா வழியுது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வைத்தியக்காரி வந்தா. நாடியைப் பாத்தா, கண் இமையைத் தூக்கிப் பாத்தா. "இந்த ராத்திரியைத் தாண்டிட்டான்னா பொழைச்சுக்குவான்"ன்னு சொல்லிட்டு என் முகத்தைப் பாக்காம போயிட்டா.

தலைச்சனைக் காப்பாத்தினதுக்கு நன்றி சொல்ற பண்டிகை வாசல்ல நிக்குது, என் தலைச்சன் இங்க துவண்டு கிடக்கான். நிசான் மாசம் சந்தோஷ மாசம், நோன்பு நாளைத் தவிர வேற நாள்ல பட்டினி கிடக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. யாருக்கு வேணும் சந்தோஷம்? அடுப்பு மூட்டல. ஒரு வாய் அப்பம் தொண்டையில இறங்கல. முற்றத்துல பிள்ளைக்கு ஈரத்துணி நனைச்சுக்கிட்டிருந்தப்ப சுவருக்கு மேல ஷமுனி தலை தெரிஞ்சுச்சு. "அடியே, பிள்ளைக்கு..."ன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தலையைக் காணோம். அவ பாத்தது அணைஞ்சு கிடந்த அடுப்பை. போட்டுக்கிட்டா முக்காட்டை, ஓடினா தெருவுக்கு.

பிறகு நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன், ஆள் இல்ல. சாயங்காலம் பாத்தா அவ வீட்டுல கூட்டம். அத்தனை பேர் முன்னாடி போய் அழ எனக்கு மனசு வரல. நான் அப்படித்தான், பொல்லாத வீம்பு.

இருட்டினதும் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை ஆரம்பிச்சுது. எனக்கு ஒண்ணும் புரியல. இன்னிக்கு விருந்தே இல்லையே, இதுங்களுக்குப் பைத்தியமான்னு நெனச்சேன். வேற நாளா இருந்தா சுவத்துல ரெண்டு தட்டு தட்டி, வாயை மூடுங்கன்னு கத்தியிருப்பேன். அன்னிக்குத் தெம்பில்ல. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு அந்தச் சுவருல சாஞ்சேன். அப்புறம் பாருங்க, ஆம்பளையும் பொம்பளையுமா அத்தனை பேரு அழறாங்க. "எங்க சகோதரங்களுக்கு இரங்கும்"ங்கிறாங்க. அதுக்கு நடுவுல டொக்கு டொக்குன்னு ஷமுனி விரல், சரியா என் முதுகுக்குப் பின்னால சுவத்துல தட்டுது. அதுவரைக்கும் கல்லா இருந்தேன். அந்தத் தட்டு முதுகுல பட்டதும் உடைஞ்சு போயிட்டேன். அவங்க கூடவே நானும் அழுதேன். இத்தனை வருஷமா வேண்டாம் வேண்டாம்னு சண்டை போட்டேனே அந்த அழுகையை, அன்னிக்கு மட்டும் நிறுத்திடாதீங்கடி நிறுத்திடாதீங்கன்னு மனசு கெஞ்சுச்சு.

கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி ஹனனுக்கு வேர்க்க ஆரம்பிச்சுது. என் மடியே நனைஞ்சு போச்சு. கண்ணைத் திறந்தான். "அம்மா, யாரு கதவைத் தட்டறது?"ன்னு கேட்டான். கதவு இல்லடா ராசா, உன் ஷமுனி சித்திதான்னேன். "பசிக்குது"ன்னான். பசிக்குதுங்கிற சொல் அவ்வளவு இனிப்பா இருக்கும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

வெளுத்தும் வெளுக்காம ஷமுனி கதவைத் தள்ளிக்கிட்டு வந்தா. முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு.

"என்னக்கா, நேத்து அப்பத்தைச் சுவர் மேல வெக்க மறந்துட்டியா? அங்க எல்லாரும் நோன்பை முடிக்கக் காத்துக்கிட்டிருக்காங்க. விருந்துல பாட்டுச் சத்தத்தையும் காணோம்?"

"எந்த விருந்து?"

"நேத்து ராத்திரி, பஸ்கா விருந்து."

"அடிப் பாவி, விருந்து இன்னிக்கு ராத்திரிடி!"

அவ திருதிருன்னு முழிச்சா. "நீ நேத்து சாப்பிடலையே? அடுப்பு அணைஞ்சு கிடந்துச்சே?"

மடியில கிடந்த ஹனனைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அப்படியே தரையில உக்காந்துட்டா. முதல்ல என் பிள்ளையோட நெத்தியைத் தொட்டுப் பாத்தா, கழுத்தைத் தொட்டுப் பாத்தா, காலைத் தொட்டுப் பாத்தா. "ஏன்க்கா என்னைக் கூப்பிடல"ன்னு என் தோள்ல ஒரு அடி வெச்சா. அதுக்கப்புறம்தான் அவளுக்கு ஞாபகமே வந்துச்சு. "ஐயையோ, மூப்பரு!"ன்னு வாயைப் பொத்திக்கிட்டா.

மூப்பர் அகாய் நல்ல மனுஷன்தான், ஆனா பட்டினி கிடந்த மனுஷன். முற்றத்துல நின்னுக்கிட்டு அவர் கத்தினது பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏம்மா ஷமுனி, ஊரையே பட்டினி போட்டு, ராத்திரி பூரா அழ வெச்சு, கடைசியில நாளே தப்பா? நேத்து இருந்தது நோன்பே இல்ல, எல்லாம் வீண். இன்னிக்குப் புதுசா ஆரம்பிக்கணும். இனிமே நாள் சொல்ற வேலைக்கு உன் வாசலை எவனும் மிதிக்க மாட்டான்."

"இன்னிக்குமா?"ன்னு ஒரு குரல். அது கூரியா. அவன் ஒரு வேளை சாப்பிடலைன்னா உலகமே இடிஞ்சிடும்னு நெனக்கிற ஆள். பசி வந்தா பத்தும் பறக்கும், அவனுக்குப் பதினொண்ணா பொண்டாட்டியும் பறந்துடுவா. "இவளை நம்பினேன் பாரு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டான். சனமெல்லாம் முணுமுணுக்குது. ஷமுனி நடு முற்றத்துல நின்னுக்கிட்டு முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழறா. விரல் மட்டும் அசையல. அதைப் பாத்ததும் எனக்குத் தாங்கல.

ஹனனைக் கம்பளியில சுத்தி இடுப்புல தூக்கிக்கிட்டு அவங்க முற்றத்துக்குள்ள போனேன். மேசியாக்காரங்க கூடற இடத்துல நான் காலெடுத்து வெச்சது அதுதான் முதல் தடவை.

"மூப்பரே, நேத்து ராத்திரி யாருக்காக அழுதீங்க?"

அவர் தடுமாறினார். "அது... எங்க சகோதரங்களுக்காக, உங்க சனத்துக்காக."

"எங்க சனம் எல்லாம் நேத்து நல்லாத் தின்னுட்டுத் தூங்கிச்சு. ஒருத்தன்தான் செத்துக்கிட்டிருந்தான். இந்தா, இவன்தான்." பிள்ளையை அவர் பக்கமாத் திருப்பினேன். "விடியக் கண்ணைத் திறந்தான். பசிக்குதுன்னு கேட்டான். எது கேட்டு எது நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, அது மேல இருக்கிறவருக்குத்தான் தெரியும். ஆனா அந்த ராத்திரி எனக்கு அழ ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு. அத்தனை பேரு அழுதீங்க. அதை வீண்னு மட்டும் சொல்லாதீங்க ஐயா. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

அதுக்குள்ள ஹனன் வாயைத் திறந்தான். கூரியாவைப் பாத்து, "மாமா, அப்பம் இருக்கா?"ன்னு கேட்டான். கூரியா முகத்தைப் பாக்கணுமே! "எங்கடா இருக்கு, உங்க வீட்டு அப்பத்துக்குத்தான் நாங்களே காத்துக்கிட்டிருக்கோம்"ன்னான். முதல்ல சிரிச்சது ஒரு கிழவன். அப்புறம் எல்லாரும். சிரிக்கத் தெம்பில்லாம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

மூப்பர் வந்து ஹனன் தலையில கையை வெச்சார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல. "வீண் இல்லம்மா, நான் சொன்னது தப்பு"ன்னார். பிறகு ஷமுனி பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் அடுப்பைப் பாக்காதே. வாயைத் திறந்து கேளு. அதைத்தான் ஆண்டவர் உனக்கு நல்லாவே குடுத்திருக்காரே." அப்ப வேலை போகலைன்னு அவளுக்குப் புரிஞ்சுது. கால் விரல் தாளம் போட ஆரம்பிச்சுது.

அன்னிக்கும் அவங்க பட்டினி. நானும் ஹனனுக்காகப் பட்டினி. எனக்குத் தலை சுத்திச்சு, எந்திரிக்க முடியல. வீட்டுல புளிச்சதைத் தேடித் துடைக்கவே இல்ல. யாரு துடைச்சா? ஷமுனிதான். ஒரு நாள் ஒரு ராத்திரி தண்ணிகூட இல்லாதவ, முழங்கால் போட்டு என் வீட்டு மூலை மூலையாத் தேடினா. பானைக்கடியில கிடந்த அப்பத்துணுக்கை இறகால கூட்டி அள்ளினா. "இதுவும் எடுக்கணுமாக்கா? இத்தனூண்டு?"ன்னு ஒவ்வொண்ணையும் கொண்டுவந்து காட்டினா. ஹனன் தின்னது போக மிச்ச அப்பத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனா. அந்த வாசனை மூக்குல ஏறியிருக்குமே அவளுக்கு! ஒரு துணுக்கு வாயில போடல.

ஆயிபு ஊரு திரும்பினதும் விஷயத்தைக் கேட்டுட்டு, நல்ல பட்டுல ஒரு முக்காட்டுத் துணி கொண்டுபோய்க் குடுத்தார். ஷமுனி அதைப் போட்டுக்கிட்டுக் கம்பளி அலசப் போனா. புத்தி எப்பவுமே அவ்வளவுதான் அவளுக்கு.

அடுத்த வருஷம் சரியா நாள் கேட்டா. சொன்னேன். ஆனா அதுக்கு முந்தின நாளே அவ வீட்டு அடுப்புல புகை இல்ல. "இன்னிக்கு இல்லடி, நாளைக்கு!"ன்னு பதறிப்போய்க் கத்தினேன்.

"தெரியும்க்கா. நாளைக்கு சகோதரங்களுக்கு. இன்னிக்கு ஹனனுக்கு"ன்னா.

சபையில எல்லாரும் முதல்ல முணுமுணுத்தாங்களாம். அப்புறம் ஒவ்வொருத்தரா சேர்ந்துக்கிட்டாங்க. எங்க தெரு மேசியாக்காரங்க ரெண்டு நாள் நோன்பு பிடிக்க ஆரம்பிச்சது அப்படித்தான். வேற ஊர்ல ஒரு நாள்தானாம், சில ஊர்ல இன்னும் கூடுதலாம். ஒருதடவை அந்தியோக்கியாவுல இருந்து வந்த பெரிய மனுஷன் ஒருத்தர், இங்க மட்டும் ஏன் ரெண்டு நாள்னு கேட்டாராம். மூப்பர் தாடியைத் தடவிக்கிட்டு, மணவாளனான மேசியா எடுபட்ட நாள், அவர் கல்லறையில இருந்த நாள்னு அழகழகா விளக்கம் சொன்னாராம். ஷமுனி அதை வந்து எங்கிட்ட சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா.

ஹனன் வளந்து, அவன் நோன்பை அவனே பிடிக்கிற வயசு வந்துச்சு. என் வேலை முடிஞ்சுது. ஷமுனி மட்டும் நிறுத்தல. "அவனுக்கு என்னடி இப்ப, எருமையாட்டம் இருக்கான்"னு சொன்னா, "எருமைக்கும் காய்ச்சல் வரும்க்கா"ன்னுவா. அப்பன் வழியில அவனும் நிசிபிப் பாதையில போக ஆரம்பிச்ச பிறகு அவ அதைப் பத்திப் பேசறதே இல்ல, சும்மா அடுப்பை மூட்டாம உக்காந்திருப்பா.

போன மாரிக்காலத்துல நெஞ்சுச் சளியில போயிட்டா. கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தேன். கடைசி வரைக்கும் அந்த விரல் என் உள்ளங்கையில தட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. எனக்குன்னு கூடப்பொறந்தவளா அவளைக் குடுத்ததுக்கு ஆண்டவருக்கு நன்றி. இதை எந்தச் சபையில வேணும்னாலும் சொல்லுவேன்.

இந்த நிசான்ல, விருந்துக்கு ஒரு நாள் இருக்கும்போது என் மனசு கிடந்து அடிச்சுக்குது. ஹனன் நிசிபியில இருந்து கிளம்பிட்டான்னு சேதி வந்துச்சு, ஆள் வந்து சேரல. முதல் நாள் நோன்பை இனி யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க? மூப்பர் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. அவங்கள்ல பாதிப் பேரு சின்னஞ்சிறுசு. நான் போய்க் கேக்க முடியுமா, என் பிள்ளைக்காகப் பட்டினி கிடங்கன்னு? காலையில பருப்புக்கூழ் காய்ச்சினேன். தட்டுல ஊத்தினேன். ஊத்திட்டு, மனசு கேக்காம எந்திரிச்சுப் போய் சுவருக்கு மேல எட்டிப் பாத்தேன். இத்தனை வருஷத்துல எட்டிப் பாக்கறது என் முறைன்னு ஆனது அன்னிக்குத்தான்.

அடுப்புல புகை இல்ல. வாசப்படியில கூரியா உக்காந்திருந்தான். ஒரு வேளை பசி தாங்காத அந்தக் கூரியா, உதடு காஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு.

"என்ன கூரியா, சாப்பிடலையா?"

"இன்னிக்கு எப்படிச் சாப்பிடறது?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டான். "ஹனன் வந்துட்டானா?"

"இன்னும் வரல."

"ம். அதான் நம்ம ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கேன், ராத்திரி கொஞ்சம் கூடவே அழுங்கடான்னு. இவ இருந்தா தாளத்தோட அழுதிருப்பா. எனக்குத் தாளம் வராது, பாத்துக்க"ன்னான்.

வீட்டுக்குள்ள வந்தேன். தட்டுல இருந்த கூழைத் திரும்பச் சட்டியிலயே ஊத்தி மூடி வெச்சேன். அந்தி சாஞ்சதும் சுவருல முதுகைச் சாச்சு உக்காந்துக்கிட்டேன்.